வெறும் பெட்டிகளின் பாரம்

புகையிரதம் என்ற சொல் நம் நாட்டுத் தமிழில் வழங்கத் தொடங்கிய காலத்தில் அது கண்ணாற் கண்டதைச் சொல்லும் சொல்லாக இருந்தது. புகை கக்கிக்கொண்டு ஓர் இரதம் ஓடிற்று. மக்கள் கண்டவாறே பெயரிட்டனர். இன்று நமது இருப்புப்பாதைகளில் அன்றாடப் பிரயாணிகளை ஏற்றிச் செல்வன டீசல் வண்டிகள். ஆயினும் புகையிரத நிலையம் என்றும் புகையிரதத் திணைக்களம் என்றும் நாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். பொருள் மறைந்த பின்னும் சொல் அதனைப் பேணி வருகிறது.

சொல்லளவில் நம்மிடம் எஞ்சியிருக்கும் இந்தப் பற்று, வேறு சில நாடுகளில் ஒரு பேரியக்கமாகவே வளர்ந்திருக்கிறது. கைவிடப்பட்ட நீராவி எஞ்சின்களைத் தேடி எடுத்து, துருவைச் சுரண்டி, கொதிகலனைப் புதுப்பித்து, மீண்டும் தண்டவாளத்தில் ஓடவிடுவதையே வாழ்நாட் பணியாகக் கொண்டவர்கள் ஆயிரக்கணக்கில் உளர். இவ்வியக்கத்தின் தாயகம் இங்கிலாந்து எனலாம். உழைக்கும் மக்களின் பிரச்சினைகள் மலைபோலக் குவிந்து கிடக்கையில், வசதி படைத்தவர்களின் இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி எழுத என்ன இருக்கிறதென்று வாசகர் வினவக்கூடும். நியாயமான வினாவே. ஆனால் ஒரு சமுதாயம் எதனை மறக்கிறது, எதனை நினைவில் வைத்திருக்க விரும்புகிறது, நினைக்கும்போது எந்தப் பகுதியை மட்டும் எடுத்து நினைக்கிறது என்பன அற்ப விஷயங்கள் அல்ல. அவற்றை ஆராய இதனைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

அண்மையில் ஒரு மாரிகாலத்தில் லெஸ்டர் நகரில் உறவினர் வீட்டிலே தங்கியிருந்தோம். அந்நகரின் வட எல்லையிலிருந்து லவ்பரோ என்னும் ஊர்வரை ஏறக்குறைய எட்டு மைல் நீளமான ஒரு புகையிரதப் பாதை இருக்கிறது. கிரேட் சென்ட்ரல் ரயில்வே என்பது அதன் பெயர். 1899இல் லண்டன் வரை திறக்கப்பட்ட ஒரு பெரும் பாதையின் எச்சம் இது. 1966இல் அப்பெரும்பாதையின் நெடுந்தூரச் சேவையும், 1969இல் மிஞ்சிய துண்டும் நிறுத்தப்பட்டன. அதன்பின் ஆர்வலர்கள் கூடி இந்தச் சிறு பகுதியை அழியாது காத்தனர். நீராவி எஞ்சின்கள் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று கடந்து செல்வதைக் காணத்தக்கவாறு இரட்டைத் தண்டவாளத்தையும் மீண்டும் அமைத்திருக்கின்றனர்.

சுவித்லாண்ட் என்ற இடத்தில் இப்பாதை ஒரு நீர்த்தேக்கத்தைக் கடந்து செல்கிறது. அருகிலுள்ள வயல் வரப்பிலே காலை வேளையில் ஐம்பது அறுபது பேர் புகைப்படக் கருவிகளோடு நின்றுகொண்டிருந்தனர். உறைபனி புல்லின்மேல் வெளுத்திருந்தது. பிரயாணிகளை ஏற்றிய வண்டி ஒன்று வந்தது. சிலர் படமெடுத்தனர், பலர் கையைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவே இல்லை. பின்னர் ஒரு கரிய எஞ்சின் சாம்பல் நிறச் சாமான் பெட்டிகள் பலவற்றை இழுத்துக்கொண்டு தூரத்தில் தோன்றிற்று. கூட்டம் முழுவதும் ஒருங்கே அசைந்தது. எஞ்சினின் ஒவ்வொரு மூச்சும் குளிர்ந்த காற்றில் வெண்முகிலாகித் தொங்கிற்று. பெட்டிகள் ஒன்றையொன்று இடித்தும் இழுத்தும் எழுப்பிய ஓசை முன்னிருந்து பின்னாக ஓடிற்று. கடைசியில் ஒரு சிறு வீடு போன்ற கார்ட் பெட்டி, அதன் கூரையிலே ஓர் அடுப்புக் குழாய். வண்டி கடந்து சென்ற பின்னரும் சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

அந்தப் பெட்டிகளில் ஒன்றுமே இல்லை. அவை வெறும் பெட்டிகள். எந்த ஊருக்கும் எந்தப் பொருளையும் அவை கொண்டு செல்லவில்லை. எட்டு மைல் சென்று, எட்டு மைல் திரும்பி வருவதே அவற்றின் வேலை. ஆயினும் பிரயாணிகள் நிறைந்த வண்டியைவிட இந்த வெறும் வண்டிக்கே மதிப்பு அதிகம். ஏன் இப்படி என்று அருகில் நின்ற ஓர் இளைஞரை வினவினோம். "உண்மையான ரயில்வே இதுதான்" என்றார் அவர்.

அவர் சொன்னது சரித்திர உண்மை. புகையிரதம் மனிதரை ஏற்றுவதற்காகப் பிறந்ததன்று. 1804 பெப்ரவரியில் தென் வேல்ஸ் நாட்டின் மேர்தர் டிட்வில் என்ற ஊரில் ரிச்சர்ட் டிரெவிதிக் தமது நீராவி எஞ்சினைத் தண்டவாளத்தில் ஓட்டியபோது அது இழுத்துச் சென்றது பத்துத் தொன் இரும்பு. ஏறக்குறைய எழுபது பேர் பெட்டிகளில் தொற்றிக்கொண்டு சென்றனரெனினும், அவர்களுக்காக அந்த வண்டி ஓடவில்லை. லீட்ஸ் நகரின் மிடில்ரன் ரயில்வே 1758இல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் அனுமதி பெற்றதும், 1812இல் அங்கே நீராவி எஞ்சின்கள் தொழிலுக்கு வந்ததும் நிலக்கரியின் பொருட்டே. பிரயாணிகளின் சேவை பின்னால் வந்தது. மெத்தை தைத்த ஆசனங்களும், உணவுப் பெட்டிகளும், சுவரொட்டிகளில் அழகாகத் தீட்டப்பட்ட கடற்கரைகளும் ரயில்வேயின் முகமாக இருந்தன. அதன் முதுகோ நிலக்கரியையும் இரும்பையும் தானியத்தையும் கல்லையும் சுமந்தது.

நாம் கண்ட பெட்டிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. நொட்டிங்காம் நிலக்கரி வயலிலுள்ள ஆனெஸ்லியிலிருந்து தெற்கே வூட்போர்ட் ஹால்ஸ் என்னும் இடத்துக்கு இதே பாதையில் நிலக்கரி வண்டிகள் விரைந்தோடின. ஊர்ந்து செல்லும் சாமான் வண்டிகளையே கண்டு பழகியவர்கள் இவற்றின் வேகத்தைக் கண்டு காற்றுவெட்டிகள் எனப் பெயர் வைத்தனர். 1957 முதல் பத்துப் பெரிய இயக்குசக்கரங்களைக் கொண்ட ஒன்பது எப் என்னும் எஞ்சின்கள் இவற்றை இழுத்தன. பதினாறு தொன் நிலக்கரி கொள்ளும் இரும்புப் பெட்டிகள் அன்று லட்சக்கணக்கில் இருந்தன. பின்னர் அவையும் பழைய இரும்பாக உடைக்கப்பட்டன. 1990களின் தொடக்கத்தில் ஆர்வலர்கள் பணம் திரட்டி முப்பதுக்கும் மேற்பட்ட பெட்டிகளை வாங்கிக் காப்பாற்றினர்.

இப்பெட்டிகளின் அமைப்பை அறிந்தால்தான் அவற்றோடு வாழ்ந்த மனிதரை அறியலாம். பிரயாணிகளின் வண்டியில் எஞ்சின் சாரதி ஒரு பிடியைத் திருப்பினால் எல்லாப் பெட்டிகளின் சக்கரங்களையும் தடுப்புக் கட்டைகள் பற்றிக்கொள்ளும். பிரயாணியின் உயிருக்கு விலை இருந்தபடியால் சட்டம் அதனைக் கட்டாயமாக்கிற்று. சாமான் வண்டிகளிற் பெரும்பாலானவற்றுக்கு இவ்வசதி இல்லை. மூன்று வளையங்களைக் கொண்ட ஒரு சங்கிலி பெட்டியைப் பெட்டியோடு பிணைத்தது, அவ்வளவே. எஞ்சினில் ஒரு தடுப்பு. கடைசியிலிருக்கும் கார்ட் பெட்டியில் கையாற் சுற்றும் ஒரு தடுப்பு. இவ்விரண்டுக்கும் இடையில் நூற்றுக்கணக்கான தொன் எடை எவருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாமல் முட்டியும் இழுத்தும் ஓடிற்று. செங்குத்தான இறக்கம் வந்தால் வண்டியை நிறுத்தி, தொழிலாளி இறங்கி, ஒரு தடியைக் கொண்டு பெட்டி பெட்டியாகத் தடுப்புக் கட்டைகளை அழுத்திப் பூட்டவேண்டும். இறக்கம் முடிந்ததும் அவ்வாறே விடுவிக்கவேண்டும். மழையோ பனியோ நள்ளிரவோ இதற்கு விலக்கில்லை.

தரிப்பு முற்றங்களிலே பெட்டிகளைப் பிணைப்பவனின் வேலை இன்னும் கொடியது. நீண்ட கழியின் முனையிலுள்ள கொளுவியால், நகர்ந்துகொண்டிருக்கும் பெட்டியின் சங்கிலியைத் தூக்கி அடுத்த பெட்டியின் கொக்கியில் மாட்டவேண்டும். ஒரு கணம் பிசகினால் கை போகும். கால் வழுக்கினால் உயிர் போகும். 1900ஆம் ஆண்டில் ரயில்வே ஊழியரின் விபத்துக்களைத் தடுப்பதற்கென்றே பிரித்தானியப் பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்ற நேர்ந்ததென்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். எல்லாப் பெட்டிகளுக்கும் தடுப்புப் பொருத்துவது அதிகச் செலவு. மனிதரின் கைகால்களுக்கு அச்செலவு இல்லை. அரை நூற்றாண்டு கழித்து ஓடிய காற்றுவெட்டிகளும் பெரும்பாலும் சங்கிலியையே நம்பி ஓடின.

குவோர்ன் நிலையத்திலே பழைய மரப்பெட்டிகள் சிலவற்றையும் கண்டோம். அழகாக வர்ணம் பூசி, பெரிய எழுத்துக்களில் பெயர் தீட்டியிருந்தார்கள். அவை சுரங்க முதலாளிகளின் பெயர்கள், நிலக்கரி வியாபாரிகளின் பெயர்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன் பிரித்தானியாவில் ஓடிய நிலக்கரிப் பெட்டிகளிற் பெரும் பகுதி தனியாரின் உடைமை. தன் பெட்டியில் மற்றவனுடைய கரி ஏறக்கூடாது என்பதால் ஒவ்வொரு பெட்டியும் இறக்கிய இடத்திலிருந்து வெறுமையாகவே எசமானிடம் திரும்பிற்று. ஒரே பாதையில் எதிரெதிராக வெறும் பெட்டிகள் இழுபட்டன. எரித்த கரியும் செலவிட்ட உழைப்பும் வீண். 1939இல் போர் மூண்டதும் அரசு எல்லாப் பெட்டிகளையும் பொதுவில் எடுத்துக்கொண்டது. 1948இல் ரயில்வே நாட்டுடைமையானபோது தனியார் பெயர்கள் மறைந்து, பெட்டிகளுக்கு இலக்கம் மட்டும் எஞ்சிற்று. நாம் வயலோரத்திற் கண்ட சாம்பல் நிறப் பெட்டிகள் அந்த மாற்றத்தின் பிள்ளைகள். ரசிகர்களின் கண்ணுக்கு வர்ணப் பெட்டியே அழகு. நமக்கு அந்த இலக்கம் மட்டுமுள்ள பெட்டியில் ஒரு தனி மரியாதை தோன்றிற்று. முதலாளியின் பெயர் முழ அளவு எழுத்தில் இருந்த காலத்திலும் சரி, வெறும் இலக்கம் வந்த காலத்திலும் சரி, பெட்டியைப் பிணைத்தவனின் பெயர் எங்கும் எழுதப்பட்டதில்லை என்பதையும் அங்கே எண்ணிப் பார்த்தோம்.

எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்த தொண்டர்களுள் எழுபதைத் தாண்டிய ஒருவர் இருந்தார். தேநீர் வேளையில் அவரோடு சம்பாஷிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. பதினைந்து வயதில் எஞ்சின் துடைக்கும் பையனாகச் சேர்ந்து, பயர்மனாகிச் சில ஆண்டுகள் கரி அள்ளிப் போட்டவர். நீராவியின் கடைசித் தலைமுறை.

"நீராவி எஞ்சின்களை நிறுத்தியபோது மிகவும் வருந்தியிருப்பீர்களே?" என்று கேட்டோம்.

அவர் சிரித்தார். "வருந்துவதா? டீசல் எஞ்சினில் இருக்கை இருந்தது ஐயா. காலுக்குச் சூடு இருந்தது. கதவை அடைத்தால் மழை உள்ளே வராது. முன்பெல்லாம் முகம் நெருப்பில் வேகும், முதுகு பனியில் விறைக்கும். ஒரு நாளில் தொன் கணக்கில் கரி அள்ளுவோம். வீட்டுக்குப் போனால் அம்மா வாசலிலேயே உடுப்பைக் கழற்றச் சொல்வாள்."

"அப்படியானால் இங்கே ஏன் வருகிறீர்கள்? சம்பளமும் இல்லையே!"

சற்று நேரம் துணியை மடித்துக்கொண்டிருந்தார். "அந்நாளில் எஞ்சின் எங்களை ஓட்டிற்று. இப்போது நாங்கள் எஞ்சினை ஓட்டுகிறோம். அலுத்தால் வீட்டுக்குப் போகலாம். எவனும் கேட்க மாட்டான். அதனால்தான் போவதில்லை."

பின்னர் தாமாகவே இன்னொன்றும் சொன்னார். அவரோடு வேலைக்குச் சேர்ந்த ஒருவன் ஒரு மாரி இரவிலே இரண்டு பெட்டிகளுக்கிடையில் அகப்பட்டு இறந்தானாம். "இங்கே படமெடுக்க வருகிறவர்களுக்கு ஒவ்வோர் எஞ்சினின் இலக்கமும் தெரியும்; எந்தப் பட்டறையில் எந்த ஆண்டிற் செய்ததென்பதும் தெரியும். அவனைத் தெரிந்தவர்களில் நான் ஒருவன்தான் இருக்கிறேன்."

இந்த முதியவரின் சொற்களில் இரண்டு உண்மைகள் அடங்கியிருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

உழைப்பு துன்பமாவது அதன் இயல்பினால் அன்று என்பது முதலாவது. அதே கரி, அதே நெருப்பு, அதே எண்ணெய்ப் பிசுக்கு. பிழைப்புக்காக, பிறரின் இலாபத்துக்காக, பிறரின் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டு அள்ளியபோது அது நுகத்தடி. தாமே கூடித் தாமே தீர்மானித்து அள்ளும்போது எழுபது வயதிலும் அது இன்பம். குளிர்ந்த எஞ்சினில் நீராவி ஏறப் பல மணி நேரம் பிடிக்கும். காலையில் ஓடவேண்டிய எஞ்சினுக்கு முன்னதாகவே நெருப்பு மூட்டவேண்டும். அந்த வேலைக்கு வைத்தியரும் வருகிறார், ஆசிரியரும் வருகிறார், லொறிச் சாரதியும் வருகிறார். கொதிகலனுக்கு முன்னே மூவரும் ஒரே நிறம். உழைப்பு சுதந்திரமானால் மனிதன் அதிலிருந்து ஓடமாட்டான், அதனை நாடி வருவான் என்று சமதர்மவாதிகள் நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கின்றனர். அச்சொல்லுக்கு இத்தகைய இடங்கள் ஒரு சிறிய சான்று.

சிறிய சான்று என்றுதான் சொல்லவேண்டும். ஊதியமில்லாத உழைப்பு எப்போதும் புனிதமானதன்று. 1926 மே மாதத்தில் சுரங்கத் தொழிலாளருக்கு ஆதரவாகப் பிரித்தானியத் தொழிலாளி வர்க்கம் பொதுவேலைநிறுத்தம் செய்தபோது, சர்வகலாசாலை மாணவர்களும் செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் தொண்டர்கள் என்ற பெயரில் எஞ்சின்களில் ஏறினர். எஞ்சின் ஓட்டவேண்டும் என்ற சிறுபிள்ளைக் கனவு அன்று கருங்காலித்தனத்துக்கு உதவிற்று. ஒன்பது நாளில் வேலைநிறுத்தம் முடிந்தது. சுரங்கத் தொழிலாளர் மாதக்கணக்கில் தனித்துப் போராடித் தோற்றனர். ஆனால் 1960இல் வேறொரு காட்சி. முன்னே குறிப்பிட்ட மிடில்ரன் பாதை கைவிடப்படும் நிலைக்கு வந்தபோது லீட்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த மாணவர்களும் பிறரும் அதனை ஏற்று, அருகிலிருந்த தொழிற்சாலைகளுக்குச் சாமான் வண்டி ஓட்டினர். காட்சிக்காக அன்று, பெட்டிகளில் உண்மையான பாரம் இருந்தது. 1983 வரை அச்சேவை நடந்தது. முதல் மாணவர் கூட்டம் தொழிலாளியின் இடத்தைப் பறித்தது. இரண்டாவது கூட்டம் கைவிடப்பட்ட தொழிலை ஏற்றுக் காத்தது. அதே எஞ்சின் மோகம், வெவ்வேறு பக்கத்தில் நின்றது. மோகத்துக்குத் தானாகவே ஒரு பக்கம் இல்லை. அதற்குப் பக்கம் காட்டுவது நமது உணர்வு.

முதியவர் சொன்ன இரண்டாவது உண்மை, நினைவு எதனைத் தேர்ந்தெடுக்கிறது என்பது. இரும்பைப் பேணுவதில் இவர்கள் காட்டும் சிரத்தை வியப்புக்குரியது. 1968 ஆகஸ்ட் 11ஆந் திகதியோடு பிரித்தானியத் தேசிய ரயில்வேயின் பிரதான பாதைகளில் நீராவிச் சேவை முடிந்தது. 1960இல் சுவிண்டன் பட்டறையில் பிறந்த கடைசி எஞ்சினாகிய ஈவினிங் ஸ்டார் ஐந்தே ஆண்டில் ஒதுக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான எஞ்சின்கள் உடைப்பதற்கென வேல்ஸ் கடற்கரையிலுள்ள பாரி என்ற ஊருக்கு அனுப்பப்பட்டன. ஆனால் அங்கிருந்த பழைய இரும்பு வியாபாரி முதலில் சாமான் பெட்டிகளை உடைக்கும் வேலையில் ஈடுபட்டார், அது எளிது. எஞ்சின்கள் உப்புக்காற்றில் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தன. அந்த அவகாசத்தில் ஆர்வலர்கள் பணம் சேர்த்து 213 எஞ்சின்களை மீட்டனர். இன்று ஓடும் புகழ்பெற்ற எஞ்சின்கள் பல, சாமான் பெட்டிகள் முன்னே பலியானமையால் பிழைத்தவை. பாரம் சுமந்தவை முதலில் மறைவதும் அலங்காரமானவை தப்பிப் பிழைப்பதும் இரும்புக்கும் விதிக்கப்பட்டிருக்கிறது போலும்.

இரும்பின் கதை இதுவென்றால் நிலக்கரியின் கதை இன்னும் துயரமானது. 1984 மார்ச்சிலிருந்து ஓராண்டு காலம் சுரங்கங்களைக் காக்கப் போராடித் தோற்ற தொழிலாளரின் ஊர்களில் ஒவ்வொரு சுரங்கமாக மூடப்பட்டது. 2015 டிசம்பரில் யோர்க்ஷயரின் கெல்லிங்லி மூடப்பட்டதோடு பிரித்தானியாவின் கடைசி ஆழ்சுரங்கம் முடிந்தது. லவ்பரோவிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள ராட்கிளிப் மின்நிலையம் 2024 செப்டம்பர் 30இல் அடைக்கப்பட்டது. அந்நாட்டில் நிலக்கரியால் மின்சாரம் செய்த கடைசி நிலையம் அதுவே. பூமியின் சூடு ஏறிவரும் இந்நாளில் நிலக்கரியை விட்டொழிப்பது மனித குலத்துக்கு அவசியம் என்பதை மறுப்பாரில்லை. ஆனால் சுரங்கங்களிற் பெரும்பாலானவை மூடப்பட்டது இந்த அவசியத்தை உணர்ந்து அன்று. அவற்றின் மக்களுக்கு மாற்று வாழ்வைக் கொடுத்தபின்னும் அன்று.

இந்த ஆர்வலர்களின் எஞ்சின்களுக்குக் கரி கொடுத்து வந்த வேல்ஸ் நாட்டுத் திறந்த சுரங்கம் ஒன்று 2023இல் மூடப்பட்டது. அது இருந்த ஊர் மேர்தர் டிட்வில். டிரெவிதிக்கின் எஞ்சின் முதன்முதலாகப் பாரம் இழுத்த அதே ஊர். இப்போது கடல்கடந்து வரும் நிலக்கரியையும், கரித்தூளை அழுத்திச் செய்த முட்டை வடிவக் கட்டிகளையும் எரிக்கின்றனர். நிலக்கரி வயலின் ஓரத்திலே, அந்நிய நாட்டுத் தொழிலாளி வெட்டிய கரியை எரித்துக்கொண்டு, உள்நாட்டுத் தொழிலாளி வெட்டாத கரிக்கான வெறும் பெட்டிகளை ஓர் எஞ்சின் இழுத்துச் செல்கிறது. அதனைப் படமெடுக்க மக்கள் பனியிலே காத்து நிற்கின்றனர். இதனைக் கேலி செய்வது சுலபம். நாம் கேலி செய்ய விரும்பவில்லை. உழைப்பு கண்ணுக்குத் தெரிந்த ஒரு காலத்துக்காக அவர்கள் ஏங்குகிறார்கள் என்றே நமக்குத் தோன்றிற்று. இக்காலத்தில் பொருள்கள் இரவோடிரவாக மூடிய பெட்டிகளில் வந்து சேருகின்றன. எவர் செய்தார், எவர் சுமந்தார் என்று எவரும் காண்பதில்லை. நீராவி எஞ்சினோ தன் வேலையை ஒளிப்பதில்லை. ஏற்றத்தில் அது மூச்சு வாங்குவதைக் குழந்தையும் கேட்கும். அந்த மூச்சுக்குப் பின்னால் இருந்த மனிதனின் மூச்சையும் கேட்கச் செய்தால் அந்த ஏக்கம் அறிவாக மாறும். கேட்கச் செய்யாவிட்டால் அது வெறும் அழகிய படமாக முடியும்.

நம் நாட்டுக்கும் இந்த விஷயத்துக்கும் உள்ள உறவு வெறும் உவமையளவில் நிற்பதன்று. நமது புகையிரதம் அதே பட்டறைகளின், அதே முதலாளித்துவத்தின் படைப்பு. அதுவும் சாமானுக்காகவே பிறந்தது. மலைநாட்டுக் கோப்பியை மாட்டுவண்டிகளில் துறைமுகத்துக்குக் கொண்டுவரும் தாமதமும் செலவும் பொறுக்காத தோட்டத்துரைமார் கேட்டுப் பெற்ற பாதை 1867இல் கண்டியை அடைந்தது. கோப்பி நோயில் அழிந்தபின் தேயிலை அதே பெட்டிகளில் ஏறிற்று. அத்தேயிலையைக் கொய்தவர்கள் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட ஏழை மக்கள். எஞ்சின்களுக்கோ தேசாதிபதிகளின் பெயர்கள் சூட்டப்பட்டன. சுற்றுலாப் பிரயாணிகளுக்காக 1980களில் நீராவி எஞ்சின் பூட்டிய ஒரு வண்டி ஓடவிடப்பட்டது. அதற்கு இட்ட பெயர் வைஸ்ராய் விசேட வண்டி. இலங்கையை ஆண்டவர் தேசாதிபதி. வைஸ்ராய் இந்தியாவில் இருந்தவர். இல்லாத எசமானுக்கும் ஒரு பெயர்ப் பலகை கிடைத்தது.

கடுகண்ணாவையில் 2014 டிசம்பரில் புகையிரத நூதனசாலை திறக்கப்பட்டது. வரவேற்க வேண்டிய காரியம். பழைய எஞ்சின்களை மாணவர்கள் அங்கே கண்ணாரக் காணலாம். அவ்வூரிலேயே கண்டி வீதியை அமைத்த கப்டன் டோசனின் ஞாபகார்த்தமாக ஓர் உயர்ந்த கோபுரம் நிற்கிறது. வீதிக்காகக் கல்லுடைத்தவர்களுக்கும், பிற்காலத்தில் அதே மலையைக் குடைந்து தண்டவாளம் பதித்தவர்களுக்கும் அத்தகைய கோபுரம் இல்லை. 1923இல் கொழும்பு நகரையே நிறுத்திவைத்த பொதுவேலைநிறுத்தம் ரயில்வேத் தொழிலாளரிடமிருந்து தொடங்கியது என்பதைப் பாடசாலைப் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? எஞ்சினின் சக்கர அளவை விளக்கும் ஆசிரியர் அதனோடு இதனையும் ஒரு வாக்கியம் சேர்த்துச் சொன்னால் பாடம் முழுமை பெறும்.

வடபகுதியிலே பிறந்தவர்களாகிய நமக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1905இல் முழுமையடைந்த வடபாதையின் முடிவிடம் காங்கேசன்துறை. அங்கிருந்து சீமெந்து ஏற்றிய சாமான் வண்டி தெற்கே செல்லும்போது கடவையில் நின்று பெட்டிகளை எண்ணுவது நமது பிள்ளைப் பராய விளையாட்டு. 1990இல் போரினால் அப்பாதை துண்டிக்கப்பட்டது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014 ஒக்டோபரில் வண்டி மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறையை அடைந்தது. இங்கிலாந்தில் ஒரு பாதையை அரசு கைவிட, மக்கள் அதனைப் பொழுதுபோக்காகப் பேணினர். இங்கே இருபத்துநான்கு ஆண்டுகள் பாதையின் தடமே புல்லும் முள்ளுமாகக் கிடந்தது. அந்தப் பாதையில் வேலைசெய்த நிலைய அதிபர்கள், கைகாட்டிக்காரர், கடவைக் காவலர், பாதை பார்த்த தொழிலாளர் ஆகியோரிற் பலர் இடம்பெயர்ந்து, சிதறி, முதுமையடைந்து மறைந்துகொண்டிருக்கின்றனர். நம்மிடம் பேணுவதற்குப் பழைய எஞ்சின் இல்லாதிருக்கலாம். அந்த மனிதரிற் சிலர் இன்னும் இருக்கிறார்கள்.

ஆகவே ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இரும்பைக் காப்பாற்றப் பெரும்பணம் வேண்டும், பட்டறை வேண்டும், கொதிகலன் பரிசோதகர் வேண்டும். ஒரு மனிதனின் அனுபவத்தைக் காப்பாற்ற ஒரு கொப்பியும் ஒரு மாலை நேரமும் போதும். உங்கள் ஊரில் ஓய்வுபெற்ற புகையிரதத் தொழிலாளி ஒருவர் இருந்தால் அவரிடம் செல்லுங்கள். இரத்மலானைப் பட்டறையில் உழைத்தவராயினும் சரி, நானுஓயாவின் குளிரில் கரி அள்ளியவராயினும் சரி, மாங்குளத்தில் இரவு முழுவதும் விளக்குப் பிடித்தவராயினும் சரி. எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எவ்வளவு கூலி பெற்றீர்கள், எவரோடு வேலை செய்தீர்கள், அவர்களில் யார் விபத்தில் இறந்தார், எந்த வேலைநிறுத்தத்தில் நின்றீர்கள் என்று கேளுங்கள். பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். எஞ்சினின் இலக்கத்தைப் பிறகு எழுதலாம். அது எங்காவது ஏட்டில் இருக்கும்.

பழைய எஞ்சின் ஒன்று சாமான் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஏற்றத்தில் ஏறுவது அழகான காட்சி என்பதில் நமக்கு ஐயமில்லை. அதனைக் காணும் வாய்ப்புக் கிடைத்தவர்கள் கண்டு மகிழட்டும். அந்தப் பெட்டிகளில் ஏற்றவேண்டிய பாரம் ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. அதனை ஏற்றுவது, அந்தத் தொழிலாளரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகிய நமது வேலை.